ஊரார் வீட்டு ஆமைகள்

ஆமையைப் பின்னங்கால்களுக்கு மேலே ஓட்டின் இரு பக்கத்தையும் பிடித்து, தலை அந்தப் பக்கம் பார்க்கும்படி, வயிற்றிலிருந்து ஒரு முழம் தள்ளித் தூக்கிக்கொண்டு சந்தில் நடந்து வருகிறார் பிலவேந்திரன். "கழுத்து நீளுங்க. வெரல் வேணுங்கறவங்க தள்ளி நில்லுங்க" என்கிறார். ஒரு முழம் எதற்கு என்பது ஆமை மூத்திரம் பெய்யும்போது தெரியும்.

நைனார்பாளையத்தில் குடிநீர்த் தொட்டிக்கு மோட்டார் போடுவது அவர் வேலை. ஐப்பசி மழையில் ஏரி நிறைந்து, சாக்கடை வழியே ஆமைகள் தெருவுக்குள் ஏறி வந்தால் அதுவும் அவர் வேலை. வீட்டுக்குள் வந்த ஆமையை அந்த வீட்டாரே தொட்டால் கெடுதல் வீட்டோடு தங்கிவிடும் என்பது தெருவின் நம்பிக்கை. தெருவில் கிறிஸ்தவக் குடும்பம் அவருடையது ஒன்றுதான். "எங்களுக்கு அந்தக் கணக்கே கெடையாதுங்க" என்று எப்போதோ ஒரு முறை வாய்விட்டுச் சொன்னார். அதிலிருந்து எட்டு ஆமைகள். மூன்று எதிர்வீட்டு சுப்புராயனுடையவை.

பெயிண்ட் வாளியில் ஈரச் சாக்கு விரித்து அதில் வைப்பார். செல்போனோடு வருகிறவர்களுக்கு ஒரு படம்தான் அனுமதி. தொட்டியில் விட்டு வளர்க்கிறேனே என்று கேட்டவரிடம், "வளத்துக்கினு இரு. ஃபாரஸ்ட்காரன் வந்து ஒன்ன வளப்பான்" என்றார். ஏரியில் தூக்கி எறியமாட்டார். கரையில் தண்ணீரைப் பார்க்க வைத்துவிட்டு, அதுவாக இறங்கி மறையும்வரை நிற்பார். வீடு திரும்பியதும் முழங்கைவரை மூன்று முறை சோப்பு. கேட்டால், சுத்தம் என்பார்.

போன ஐப்பசியில் ஒரு சனிக்கிழமை காலை, அவர் வீட்டுக் குளியலறையில் ஒன்று இருந்தது. மறுநாள் தியாகதுருகத்திலிருந்து மகள் ஜெனிபரைப் பெண் பார்க்க வருகிறார்கள். அதற்கு முன் வந்த இரண்டு இடங்கள் தட்டிப்போயிருந்தன.

பிலவேந்திரன் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்.

"ஊரான் வூட்டுதுன்னா ஓடி ஓடி எடுக்கறீங்க. இத எடுங்க" என்றாள் மனைவி செபஸ்தியம்மாள்.

"இரு. யோசிச்சிக்கினு இருக்கறேன்."

"ஆமைய வச்சிக்கினு இன்னா யோசன?"

அவர் எதிர்வீட்டுக்குப் போனார். "யோவ், வந்து அத எடுத்துக் குடு."

"ஒங்களுக்குத்தான் அந்தக் கணக்கே கெடையாதுன்னியே" என்றார் சுப்புராயன்.

"எனக்குக் கெடையாது. பொண்ணுக்கு இருந்துதுன்னா?"

"நான் தொட்டா எனக்கு ஒட்டிக்கும்யா."

"ஒன் வூட்டுத மூணு எடுத்தேன். எனக்கு இன்னா ஒட்டிச்சி?"

சுப்புராயன் சற்று யோசித்தார். "அதான் இப்ப ஒன் வூட்லயே வந்து குந்திக்கினு இருக்குதே."

பிலவேந்திரனின் முகம் விழுந்தது. அதைப் பார்த்துப் பொறுக்காமல் சுப்புராயன் சட்டையை மாட்டிக்கொண்டு வந்தார். அவர் அதுவரை ஆமையைத் தொட்டதில்லை. பிலவேந்திரன் கதவுக்கு வெளியே நின்றபடி, "பின்னால புடி. வயித்துகிட்ட கொண்டாராத" என்று சொல்லி முடிப்பதற்குள் வேட்டி நனைந்துவிட்டது.

"ஒட்டாதுன்ன" என்றார் சுப்புராயன்.

வாளியை மடியில் வைத்துக்கொண்டு அவர் பின்னால் உட்கார, பிலவேந்திரன் டிவிஎஸ்ஸை ஏரிக்கு ஓட்டினார். கரையில் சுப்புராயன் ஆமையை ரோட்டைப் பார்க்க வைத்துவிட்டு விலகினார். அது தலையை நீட்டி, ஊர்ப்பக்கமாக நடக்கத் தொடங்கியது.

"திருப்பி வையிய்யா."

"என் பங்கு முடிஞ்சிது. வேட்டிய பாரு."

ஆமை பிலவேந்திரனின் செருப்பைச் சுற்றிக்கொண்டு போனது. அவர் நாலாபுறமும் பார்த்தார்.

"இங்க வூடு எதுவும் இல்ல" என்றார். "வூடு இல்லாத எடத்துல தொட்டா சேராது."

"யாரு சொன்னது?"

"நான்தான் சொல்றேன்."

குனிந்து இரண்டு கையாலும் தூக்கித் தண்ணீரைப் பார்க்க வைத்தார். அது இறங்கிப் போயிற்று.

மறுநாள் சர்ச்சில் பூசை முடிந்து பதினோரு மணிக்கு மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். கேசரி சாப்பிட்டார்கள். பெண்ணைப் பிடித்திருக்கிறது என்றார்கள். மாப்பிள்ளையின் அம்மா கை கழுவ வேண்டும் என்றார். செபஸ்தியம்மாள் குளியலறையைக் காட்டினாள். பிலவேந்திரன் எழுந்து முன்னால் போய்க் கதவைத் திறந்தார். குனிந்து நான்கு மூலையையும் பார்த்தார். குடத்தை ஒரு முறை நகர்த்திப் பார்த்தார்.

"போங்கம்மா" என்றார்.