வேண்டாவின் உள்ளங்கை உப்பு

செங்கம்மாள் செத்துப்போய்ப் பதினொரு நாள் ஆகிறது. சூடான மணலில் சோறு பொரியும் வாசனை இன்னும் என்னை விட்டுப் போகவில்லை.

மாமல்லபுரத்துக்குத் தெற்கே ஒரு மீனவக் குப்பத்துப் பால்வாடியில் அப்போது நான் டீச்சர். செங்கல்பட்டிலிருந்து பஸ்ஸில் வந்துபோவேன். அவள் ஆயா. மீன்கூடை சுமந்து சுமந்து கழுத்து மடங்கிப்போன பிறகு அந்த வேலைக்கு வந்தவள். எழுபத்தேழாம் வருஷம் கார்த்திகையில், புயலால் பத்து நாளாகக் கட்டுமரம் எதுவும் கடலில் இறங்கவில்லை. பால்வாடிக்கு வரவேண்டிய சத்துமாவும் வரவில்லை. பிள்ளைகள் அலைச்சத்தத்துக்குள் பசியில் பாதித் தூக்கமாய்க் கிடந்தன.

செங்கம்மாள் வீடுவீடாகப் போய், டப்பாக்களின் அடியில் இருப்பதில் ஒரு பிடி பிள்ளை கையில் கொடுத்தனுப்பச் சொன்னாள். நொய், உடைந்த பொட்டுக்கடலை, காயவைத்த பழஞ்சோறு, கறுத்துப்போன கருப்பட்டித் துண்டு, எதுவானாலும் சரி. ஆனால் டப்பாவை வழித்துத் துடைக்கக் கூடாது; நாலு பருக்கையாவது உள்ளே கிடக்க வேண்டும். டப்பா காலியானால் வீட்டுக்கு ஆகாது என்று அந்தக் குப்பத்தில் யாரும் அதை மீறமாட்டார்கள்.

காய்ந்த சோற்றைக் கழுவிய கடல்மணலில் போட்டு வறுப்பாள். ஒவ்வொரு பருக்கையும் வெள்ளையாய் விரியும். சலித்து, மற்றதோடு இடித்து, கருப்பட்டிப் பாகு விட்டு உருண்டை பிடிப்பாள். அடுப்புப் புகையில் பிள்ளைகளின் முகங்கள் தண்ணீருக்கு அடியில் இருப்பதுபோல அசையும்.

மூன்றாம் நாள்தான் கவனித்தோம். எல்லம்மாளின் நாலு வயது மகள் வேண்டா இரண்டு நாளாக வரவில்லை. செங்கம்மாள் போய்ப் பார்த்தாள். டப்பாவில் இருந்ததே அந்த நாலு பருக்கைதான். வெறுங்கையோடு அனுப்ப எல்லம்மாளுக்கு மனம் வரவில்லை. பிள்ளை, கருவாட்டுக்கு மீனை உப்பில் ஊறவைக்கிற காலிச் சால் பக்கத்தில் சுருண்டு படுத்திருந்ததாம்.

திரும்பி வந்த செங்கம்மாள் வெகுநேரம் மணலைக் கிளறிக்கொண்டே இருந்தாள். பிறகு சொன்னாள்: "நாந்தான் தப்பு பண்ணிட்டேன், டீச்சரம்மா. இல்லாத வூட்டுக்கும் சேத்து சட்டம் போட்டேன்."

மறுபடி எழுந்து எல்லம்மாள் வீட்டுக்குப் போனாள். கருவாடு போடுகிற வீட்டில் உப்புக்குப் பஞ்சமில்லை. உருண்டைக்கு உப்பில்லாமல் இரண்டு நாளாக ருசியே வரவில்லை என்று எல்லம்மாளிடம் சொன்னாளாம். அது பொய்யுமில்லை.

மறுநாள் வேண்டா வந்தாள். மூடிய கையைத் திறக்கவே இல்லை. வழியெல்லாம் வேர்த்து, உப்பு பாதி கரைந்து உள்ளங்கையில் ஒட்டியிருந்தது. கழுவிவிட நான் சொம்பை எடுத்தேன்.

"கழுவாத, டீச்சரம்மா. அப்பறம் உப்பு எங்க கீது?" என்றாள் செங்கம்மாள். இளஞ்சூடான மாவுக்குள் அந்தச் சின்னக் கையை வைத்து, தன் கையால் மூடி, மெதுவாகப் பிசைந்தாள். "உம், நல்லா அமுக்குடி."

அன்றைய முதல் உருண்டை வேண்டாவுக்குத்தான். தின்று முடித்துக் கையை நக்கினாள். அப்புறம் செங்கம்மாளின் கையையும்.