என் மணிக்கட்டும் பூங்கொடியின் மணிக்கட்டும்

முதலில் வலியே இல்லை. தஞ்சாவூரில் என் கிட்டார் வகுப்பில் வாசித்துக் காட்டும்போது, வலது கை மோதிர விரல் தந்தியைத் தொடாமல் உள்ளங்கைக்குள் மடங்கிக்கொண்டது. சாப்பிடும்போதும் எழுதும்போதும் சரியாகவே இருந்தது.

மணிக்கட்டை நன்றாக உள்பக்கம் வளைத்தால் விரல் நிமிர்ந்தது. அப்படியே சமாளித்தேன். கேட்ட மாணவர்களிடம், இப்படிப் பிடித்தால் நாதம் கனமாக வரும் என்றேன். அது பொய்.

அதை அப்படியே பழகியவர் பூங்கொடி டீச்சர். பூதலூரில் பள்ளி ஆசிரியை. சனிக்கிழமைதோறும் ரயிலில் வருவார். ஊர் வயல்களில் எரிவாயுக் குழாய் பதிப்பதை எதிர்த்துப் போட்ட போராட்டப் பந்தல், ஆட்சி மாறியும் கலையாமல் இருந்தது. அங்கே வாசிக்கத்தான் கற்றுக்கொண்டார். கட்டைவிரல் மரத்துப்போகிறது, சாக்பீஸ் நழுவுகிறது என்று இரண்டு முறை சொன்னார். பழகினால் சரியாகிவிடும் என்றேன்.

விரல் சரியாகாததால் நரம்பியல் மருத்துவரிடம் போனேன். அவர் என்னை வாசிக்கச் சொல்லிப் பார்த்தார். ஃபோகல் டிஸ்டோனியா (பழகிய ஒரு வேலையில் மட்டும் மூளையின் கட்டளை குழம்பி, தசை தானாக இறுகுவது) என்றார். பயிற்சியால் கொஞ்சம் மீளலாம். முழுக்கக் குணமாகும் என்று சொல்லவில்லை. பிறகு என் மணிக்கட்டைத் தொட்டு, "இப்படி வளைச்சு வாசிச்சா நரம்பு நெரிபடும். யாருக்கும் சொல்லிக்கொடுக்கலையே?" என்றார்.

"இல்லைங்க."

வகுப்பு காலியாகிவிடும் என்ற பயம். இன்னும் இரண்டு சனிக்கிழமை பூங்கொடி டீச்சர் வந்தார். வளைந்த அவர் கையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன்.

மூன்றாவது வாரம் வரவில்லை. கார்ப்பல் டனல் (மணிக்கட்டுக்குள் நரம்பு நெரிபடுவது), சிறிய அறுவை சிகிச்சை என்று தெரிந்தது. பூதலூர் போனேன். கையில் கட்டோடு பந்தலில் உட்கார்ந்திருந்தார். எல்லாவற்றையும் சொன்னேன். போர்டில் எழுதி எழுதியும் வந்திருக்கலாம் என்று அவருடைய மருத்துவர் சொன்னாராம். அதைப் பிடித்துக்கொண்டு தப்பிக்க எனக்கு மனம் வரவில்லை.

டீச்சர் சொன்னார்: "தெரிஞ்ச அன்னைக்கே சொல்லியிருந்தா, அன்னைக்கே நிறுத்தியிருப்பேன் சார்."

அவர் கணவர் மோர் கொடுத்தார். அதைக் குடித்து முடிப்பது பெரும்பாடாக இருந்தது.

அவர் கை தேறிவிட்டது, போர்டில் எழுதுகிறார். கிட்டாரை மட்டும் தொடவில்லை.

உங்கள் விரலும் இப்படி மடங்கினால், வாசித்துக் காட்டுவதை அன்றைக்கே நிறுத்துங்கள். நான் இப்போது புதிதாக வருபவர்களிடம் முதல் நாளே என் கை பழுது என்று சொல்லிவிடுகிறேன். மணிக்கட்டு நேராக இருக்கட்டும், விரல் மரத்துப்போனால் உடனே சொல்லுங்கள் என்கிறேன்.

முன்பு ஒரு மாதத்தில் ஒரு பாட்டை முடித்துவிடுவேன். இப்போது காலை முழுக்க ஒரே தந்தி. மோதிர விரல் மெதுவாகத் தொட்டுத் திரும்புகிறது. சில நாள் நான்கு முறை. ஐந்தாவது முறை மடங்கும்போது, மணிக்கட்டை வளைக்காமல் காத்திருக்கிறேன்.