தாடி வழிக்கும் வாசல்

அந்தக் கம்யூனிஸ்ட் காலத்தில் அல்பேனியாவுக்குள் தாடியோடு எந்த வெளிநாட்டுக்காரனும் நுழைய முடியாது. எல்லைச் சாவடியில் நாவிதன் லூலாஷின் நாற்காலியில் உட்கார்ந்து, மழித்துக்கொண்டுதான் உள்ளே போக வேண்டும். வருகிறவர்களுக்கு அது ஒரு வேடிக்கை. ஊருக்குப் போய்ச் சொல்ல ஒரு கதை கிடைத்துவிடுகிறதே!

அன்று காலை லூலாஷுக்கு எதுவும் ஓடவில்லை. ரேஷன் வரிசையில் நின்று ஏதோ முணுமுணுத்ததற்காக அவன் தம்பி பிரெங் செம்புச் சுரங்கக் கைதி முகாமில் கிடந்தான். ஆறு மாதத்துக்கு ஒருமுறைதான் பார்க்க விடுவார்கள். நாளை அந்த நாள். அம்மா அத்திப்பழமும் கம்பளிக் காலுறையும் கட்டி வைத்துவிட்டாள். அனுமதிச் சீட்டு மட்டும் அதிகாரி ஆசிமின் சட்டைப் பையில், கையெழுத்தில்லாமல் இருந்தது. ஆசிம் கதவருகே நின்று புகைத்துக்கொண்டிருந்தார்.

நாற்காலியில் இருந்தவர் ஹென்னிங், டென்மார்க் வாத்தியார். புத்தகம் பார்த்து அல்பேனிய மொழி கற்றவர். நல்ல மனிதர்தான்; அந்த நல்லதனம்தான் வினையாக வந்தது.

"இங்க வந்தா இந்த அரசாங்கத்துக்குத் துணைபோன மாதிரின்னு சிநேகிதங்க தடுத்தாங்க. நான்தான், ஜனங்ககிட்டயே கேட்டுக்கறேன்னு கிளம்பிட்டேன்."

கேட்டுத் தொலைக்காதே ஐயா என்று லூலாஷ் மனசுக்குள் கெஞ்சினான். கத்தி தொண்டைக்கு வந்தபோது அவர் கேட்டேவிட்டார்.

"உங்க வீட்ல யாராவது ஜெயில்ல இருக்காங்களா?"

ஆசிம் சிகரெட்டை வாயிலிருந்து எடுத்தார். ஆமாம் என்றால் நாளைய பயணம் போச்சு, இந்த வேலையும் போச்சு. லூலாஷ் கத்தியை எடுத்துத் துணியில் துடைத்தான்.

"யாருமில்லீங்க. கூடப்பொறந்தவங்களே எனக்குக் கிடையாது."

முதல் பேச்சோடு நிறுத்தியிருக்கலாம், பாவி. பயத்தில் வாய் நீண்டுவிட்டது.

ஹென்னிங் முகம் மலர்ந்தது. "இதுக்குத்தான் நேர்ல வந்து கேக்கணுங்கறது," என்றவர், மழித்து முடிந்ததும் அதை நோட்டில் எழுதிக்கொண்டு, கை குலுக்கிவிட்டு பஸ் ஏறினார்.

ஆசிம் சீட்டை வெளியே எடுத்தார். பேனாவைத் திறந்தார், மூடினார்.

"தம்பியே இல்லாதவனுக்கு இது எதுக்கு லூலாஷ்?"

"தோழர், நீங்க பக்கத்துல நிக்கறீங்கன்னுதான அப்படிச் சொன்னேன்."

"அப்ப நான் இல்லாட்டி வேற மாதிரி சொல்லியிருப்பே?"

ஆசிம் சீட்டை இரண்டாகக் கிழித்து, தரையில் கிடந்த தாடி மயிர்மேல் போட்டார்.

அடுத்த தாடிக்காரன் சிரித்தபடி வந்து உட்கார்ந்தான். கூட வந்தவன் கேமராவைத் தூக்கினான். லூலாஷ் சோப்பை நுரைக்க ஆரம்பித்தான்.