பிந்திய தாராக்களின் பட்டியல்

மென்பொருளைச் சோதிப்பது என் தொழில். நல்லூரில் சிறிய அலுவலகம். பிழை கண்ட இடங்களை வரிசையாக எழுதி அனுப்புவேன். வேறொருவர் அவற்றைத் திருத்துவார். பிழைப் பட்டியல் எழுதுவது திருத்துவதற்காகத்தான் என்று ஒரு பாட்டுப் போட்டி வரும்வரை நினைத்திருந்தேன்.

நீர்வேலியில் முன்பள்ளி ஆசிரியையாக இருந்தவள் என்னோடு படித்தவள். அக்காவின் நாலு வயது மகளும் அவளிடமே போனாள். பிள்ளைகளுக்கு நல்ல பழக்கம் சொல்லிக்கொடுக்க ஒரு பாட்டு எழுதித் தரச் சொன்னாள்.

"பொய் சொல்லாதே, களவெடுக்காதே எண்டு பாடினால் ஒண்டும் ஏறுதில்லையடி. கொட்டாவி விடுகினம்."

தாராக்களை, அதுதான் வாத்துகளை, வைத்து நாலு வரி எழுதிக் கொடுத்தேன்.

தாரா நாலு நடக்குது,
தண்ணிப் பக்கம் போகுது,
குட்டித் தாரா பிந்தினால்
கூட்டம் நின்று பார்க்குது.

கடைசி வரியில் எல்லோரும் நின்று, திரும்பி, பின்னால் வருகிற பிள்ளைக்குக் கை நீட்ட வேண்டும். கை கழுவப் போகும்போதும் பிள்ளைகள் அப்படி நிற்கிறார்கள் என்று அவள் சொன்ன அன்று எனக்கு வேலையே ஓடவில்லை. அவ்வளவு சந்தோஷம்.

பிறகு முன்பள்ளிகளுக்கான அபிநயப் பாட்டுப் போட்டி வந்தது.

"ஆருக்கு எது வரேல்லை எண்டு ஒருக்கா வந்து பாத்து எழுதித் தா. அவையைத் தனியப் பழக்குவம்" என்றாள்.

ஒரு சனிக்கிழமை போய் இருந்து பதினொரு பிள்ளைகளையும் பார்த்து எழுதினேன். ஒருவனுக்கு இடது வலது மாறுகிறது. ஒருத்திக்கு மூன்றாம் வரியில் சத்தம் இல்லை. அக்காவின் மகளுக்கு நேரே மூன்று குறிப்புகள்: பிந்துகிறாள், கையை விடுகிறாள், ஆட்களைக் கண்டால் வாயை மூடிக்கொள்கிறாள். எங்கள் பிள்ளை என்று எதையும் குறைக்கவில்லை.

போட்டி உரும்பிராயில் ஒரு மண்டபத்தில் நடந்தது. அக்கா தன் மகளுக்கு மஞ்சள் சட்டை போட்டு, மட்டையில் வெட்டிய தாராச் சொண்டும் மூக்கில் கட்டிவிட்டிருந்தாள். என்னோடு வந்த பிள்ளையை வாசலில் இறக்கி, நான் ஸ்கூட்டியை நிறுத்திவிட்டு வந்தபோது மேடைக்குப் பின்னால் எட்டுப் பிள்ளைகள் வரிசையில் நின்றார்கள். மூன்று பேர் வெளியே கதிரையில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களில் ஒருத்தி எங்கள் பிள்ளை.

"எட்டுப் பேரைத்தான் விடுவினமாம். என்ரை சட்டமே? நம்பாட்டில் பார்" என்று சிநேகிதி போட்டிக்காரர் அனுப்பிய கடிதத்தை நீட்டினாள்.

நான் முதலில் திகதியைப் பார்த்தேன். தொழில் பழக்கம். என்னிடம் பட்டியல் கேட்டதற்கு இரண்டு கிழமை முந்தியது.

"உனக்கு அப்பவே தெரியும்."

"தெரியும் எண்டு சொன்னால் நீ எழுதித் தந்திருப்பியே?" சிரித்தாள். "தாய்மார் கேட்டால் நான் என்ன சொல்லுறது? நீ வடிவா எழுதியிருந்தனி. அதைத்தான் இப்ப அவைக்குக் காட்டினனான். கோவிக்காதையடி, பரிசு கிடைச்சால் உன்ரை பேரையும் சொல்லுவன்."

எட்டுத் தாராக்களும் ஒரு பிசகில்லாமல் நடந்தன. குட்டித் தாராவாக யாரையும் விட்டிருக்கவில்லை. பிந்தினால் புள்ளி குறையும் என்று சிநேகிதி நினைத்திருப்பாள். கடைசி வரியில் எட்டுப் பேரும் ஒன்றாகத் திரும்பி, யாரும் இல்லாத இடத்துக்குக் கை நீட்டினார்கள். இரண்டாம் இடம் கிடைத்தது. கைதட்டாமல் இருந்தவர்களில் நானும் அக்காவும் இருந்தோம்.

வெளியே வந்ததும் பிள்ளை சொண்டைக் கழற்றாமலே கேட்டாள்.

"சித்தி, நான் பிந்துறனெண்டு நீங்களோ எழுதினனீங்கள்? டீச்சர் சொன்னவ."

அவளிடம் பொய் சொல்ல முடியவில்லை.

"ஓம், நான்தான். உனக்கு இன்னும் வடிவாப் பழக்கிறதுக்கெண்டு எழுதினனான்."

"டீச்சருக்குச் சொன்னனீங்கள். எனக்கேன் சொல்லேல்லை?"

சிநேகிதிமேல் எனக்கு இருந்த அதே குற்றச்சாட்டு அது. அவளிடம் கேட்டபோது அவளுக்குச் சிரிப்பாவது வந்தது. நான் என் ஸ்கூட்டியைக் கிட்டக் கொண்டுவந்தேன். வரும்போது என்னோடு வந்த பிள்ளை, அக்காவின் ஸ்கூட்டியில் முன்னால் ஏறி நின்று, கைபிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"இறங்கு, சித்தியோடை போ" என்று அக்கா சொல்லிப் பார்த்தாள்.

"வேண்டாம். அம்மா, நீங்கள் ஸ்கூட்டியை எடுங்கோ."