ஒன்பதாம் கட்டுரை

என் கணவர் சவூதியில், பாலைவனத்துக்கு நடுவே ஒரு முகாமில் வேலை பார்க்கிறார். அங்கே வெள்ளிக்கிழமை மட்டும்தான் இணையம் கிடைக்கும். வீட்டுக்குப் பேசவே அந்த நேரம் சரியாகிவிடும். அவருக்குப் பிடித்த மின்னிதழைத் திறந்து படிக்க முடியவில்லை என்று குறைப்பட்டுக்கொண்டே இருந்தார்.

அதற்காகத்தான் கோட்டைப்பட்டினத்தில் எங்கள் வீட்டில் உட்கார்ந்து, இணையம் இல்லாமலே படிக்கக்கூடிய மின்னூல் செய்யக் கற்றுக்கொண்டேன். வெளிநாட்டில் வேலை பார்த்த ஒருவர் பன்னிரண்டு வாரம் அந்த இதழில் எழுதிய தொடரை எடுத்தேன். அனுமதி கேட்டு இதழாசிரியருக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். “தாராளமாகச் செய்யுங்கள். முடித்ததும் எங்களுக்கும் அனுப்புங்கள், வாசகர்கள் பதிவிறக்கிக்கொள்ளட்டும்” என்று பதில் வந்தது.

ஒவ்வொரு கட்டுரையாக நகலெடுத்து, நடுவில் புகுந்திருந்த விளம்பரங்களையும் ‘இதையும் படியுங்கள்’ வரிகளையும் நீக்கினேன். சில பத்திகள் எழுத்துகள் தெரியாமல் வெறும் கட்டங்களாக வந்து விழுந்தன. அவற்றை மூலத்தைப் பார்த்து நானே தட்டச்சு செய்தேன்.

ஒன்பதாவது கட்டுரையில் கை நின்றுவிட்டது. அதில் எழுத்தாளரின் அப்பா ஊரில் இறந்துபோகிறார்; மகனால் வந்துசேர முடியவில்லை. அந்த வாரம் என் மாமனார் நெஞ்சுவலியோடு அறந்தாங்கி ஆஸ்பத்திரியில் படுத்திருந்தார். “அவன்கிட்ட சொல்லிராதம்மா. வேலைய விட்டுட்டு ஓடியாந்துருவான்” என்று என்னிடம் வாக்கு வாங்கியிருந்தார்.

ஒன்பதை எடுத்துவிட்டேன். பத்தை ஒன்பதாக்கி, பதினொரு கட்டுரைகளோடு அவருக்கு அனுப்பினேன். இதழுக்கு அனுப்ப மனம் வரவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை அவர் நலம்கூட விசாரிக்கவில்லை.

“ஒரு கட்டுரை கொறையுது. ‘போன வாரம் அப்பாவோட மரணத்தப் பத்தி எழுதியிருந்தேன்’னு ஒரு எடத்துல வருது. அது எங்க?”

“விட்டுப்போச்சுங்க.”

“நீ காய் நறுக்குனாக்கூட ஒரு துண்டு விடமாட்ட. அத்தாவுக்கு என்ன?” அப்பாவை அவர் அப்படித்தான் கூப்பிடுவார்.

அழுகையை அடக்கிக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னேன். ஆபத்து நீங்கிவிட்டது, வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டோம் என்பதையும் சொன்னேன்.

“எங்கிட்ட எதச் சொல்லணும்னு நீங்க ரெண்டு பேரும் முடிவு பண்ணாதீங்க” என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். தணிந்த குரலில் சொன்னார்.

அன்றே ஒன்பதை அதன் இடத்தில் சேர்த்து அவருக்கும் இதழுக்கும் அனுப்பினேன். சில நாட்களில் அட்டைப்படத்தோடு அது இதழின் பக்கத்தில் வந்தது. பார்க்கப் பெருமையாகத்தான் இருந்தது. கூடவே கொஞ்சம் கூச்சமும்.

அடுத்த மாதம் என் கணவர் விடுப்பில் வந்தார். வாசலில் மகனைப் பார்த்ததும் மாமனார் முறைத்தது மகனை அல்ல, என்னை. பிறகு மகன் கையைப் பிடித்துத் தன் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார். பகலெல்லாம் இருவரும் முன்னறையில் இருந்தார்கள். இவர் அலைபேசியில் நான் செய்த மின்னூலை வாசிப்பார், மாமனார் கண்ணை மூடிக் கேட்பார்.

ஒருநாள் மாமனார் என்னைக் கூப்பிட்டார்.

“இவன் போனப்பொறவு யாரு வாசிப்பா? எனக்கும் ஒண்ணு செஞ்சு குடும்மா. எழுத்து மட்டும் பெருசா இருக்கட்டும்.”

“அத நீங்களே பெருசாக்கிக்கலாம் மாமா” என்று, இவருடைய அலைபேசியை அவர் கையில் கொடுத்து, எங்கே தொட வேண்டும் என்பதைக் காட்டினேன். தொட்டுக்கொண்டே போனார். கடைசியில் திரைக்கு ஐந்தாறு சொற்கள்தான் நின்றன. அது அவருக்குப் போதுமாக இருந்தது. ஒவ்வொரு சொல்லாக வாய்விட்டு வாசித்து, பக்கத்தைத் தள்ளிக்கொண்டிருந்தார்.