அஞ்சு பெடல் கார்

1. முள் ஏறியது, கார் ஏறவில்லை

டிரைவிங் ஸ்கூலில் மாஸ்டராகச் சேர்ந்த மூன்றாவது மாதம், மேம்பாலத்து ஏற்றத்தில் எங்கள் கார் கத்தியது. ஸ்டியரிங்கில், ஓட்டிப் பழக வந்த செல்வி அக்கா. ஆக்ஸிலேட்டரை மிதிக்கிறார். ஆர்.பி.எம். முள் மூவாயிரத்தைத் தாண்டுகிறது, ஸ்பீடு முள் முப்பதிலேயே உட்கார்ந்திருக்கிறது. லேசாகக் கருகல் வாடை. பின்னால் வந்த டவுன் பஸ் ஹாரனிலேயே எங்கள் வம்சத்தை விசாரித்தது.

எனக்கோ உள்ளூர ஒரே சந்தோஷம். நாலு வருஷம் மெக்கானிக்கல் படித்தவன் முன்னால் ஒரு வியாதி அத்தனை அறிகுறிகளோடும் வந்து நிற்பது லேசில் கிடைக்காது.

“கிளட்ச் ஸ்லிப் ஆகுதுக்கா” என்றேன், ஸ்கேன் ரிப்போர்ட்டைப் படிக்கிற டாக்டர் மாதிரி.

விஷயம் இதுதான். இன்ஜினின் சுற்றலைக் கிளட்ச் பிளேட் இறுகப் பிடித்துச் சக்கரத்துக்கு அனுப்ப வேண்டும். பிடி தளர்ந்தால் இன்ஜின் மட்டும் சுற்றும். பெட்ரோல் போகும், சத்தம் வரும், வண்டி வராது. சில ஆபீஸ்களிலும் இதைப் பார்க்கலாம்.

ஆனால் அந்தப் பிளேட் மாற்றி ஐந்து வாரம்தான் ஆகியிருந்தது. கிளட்ச் பெடல்மேல் சும்மா காலை வைத்துக்கொண்டே ஓட்டினாலும் பிடி தளரும். ஆகவே குற்றவாளி யார் என்று பாலம் இறங்குவதற்குள் முடிவு செய்துவிட்டேன்.

செல்வி அக்கா கீழ்பென்னாத்தூரிலிருந்து முதல் பஸ் பிடித்து வருகிறவர். ரமணாசிரமம் பக்கம் ஒரு கெஸ்ட் ஹவுஸில் தங்கும் பெண்கள், லேடி டிரைவர்தான் வேண்டும் என்று கேட்கிறார்களாம். ஒண்ணாம் தேதிக்குள் லைசென்ஸோடு வந்தால் வேலை அவருக்கு, இல்லாவிட்டால் வேறு ஆள். வியாழக்கிழமை டெஸ்ட்.

2. ஷெட்டில் ஒரு சோதனை

அன்று மதியமே காரை ஷெட்டுக்கு ஓட்டிப்போனேன். மெக்கானிக் பாபு அண்ணன் தனியாக ஏறி உட்கார்ந்து, ஹேண்ட் பிரேக்கை இழுத்து, தேர்டு கியர் போட்டு, கிளட்சை மெதுவாக விட்டார். நான் வெளியே கைகட்டி நின்றேன். இன்ஜின் ஒரு உதறு உதறி நின்றுபோனது.

“ஆஃப் ஆச்சா? பிளேட்டு ஜம்முனு இருக்குது. புடி இல்லன்னா இன்ஜின் பாட்டுக்கு ஓடினே இருக்கும்” என்றார்.

“அப்போ பாலத்துல மட்டும் ஏன்ணா?”

“வண்டியில இருக்கறவங்க காலப் பாருடா.”

பார்க்கவே தேவையில்லை என்று நினைத்தேன். ஸ்கூலுக்குத் திரும்பி, பயிற்சி நோட்டில் செல்வி அக்காவின் பக்கத்தில் எழுதினேன்: ‘கிளட்ச் மேல் கால் வைத்தே ஓட்டுகிறார். டெஸ்டுக்குத் தயாரில்லை.’

ஓனர் கரீம் பாய் அதைப் படித்துவிட்டு அவரைக் கூப்பிட்டார். “டெஸ்ட்டு அடுத்த மாசம் பாத்துக்கலாம்மா. பிளேட்டு ஜாஸ்தி தேயுதுன்றான் நம்ம இன்ஜினியரு.”

“அடுத்த மாசம்னா அந்த வேலையில வேற ஆளு இருப்பாங்க பாய். நான் காலு வைக்கறதே இல்ல.”

“எல்லாரும் அப்படித்தான்கா சொல்லுவாங்க” என்றேன் பெருந்தன்மையாக. “வைக்கறது அவங்களுக்கே தெரியாது.”

பாய் என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார். “நாளைக்கு ஒரு ரவுண்டு போங்க. திரும்பவும் ஸ்லிப் ஆச்சுன்னா அடுத்த மாசம்தான்.”

3. ஒரு விரக்கடை

காலையில் கிரிவலப் பாதை வழியாகப் போனோம். அங்கே எப்போது எது குறுக்கே வரும் என்று சொல்ல முடியாது. சாமியார், நாய், போனைப் பார்த்துக்கொண்டு வெறுங்காலோடு நடக்கிற பக்தர். அதனால் மாஸ்டர் சீட்டுக்கு முன்னால் இருக்கும் இரண்டு பெடல்கள்மேல் என் இரண்டு காலும் எப்போதும் தயாராக இருக்கும். ஜாக்கிரதையான மாஸ்டர் என்று எனக்கு நானே பெயர் வைத்திருந்தேன்.

அப்படியே மேம்பாலம். தேர்டு கியர். முள் ஏறியது, கார் ஏறவில்லை.

“பாத்தீங்களாக்கா?”

அவர் இடது காலை எடுத்து சீட்டுக்கு அடியில் மடக்கிக்கொண்டார். முள் அப்படியே இருந்தது.

“தம்பி, என் காலு இப்ப எங்க இருக்குது?” அதுவரை நான் ‘மாஸ்டர்’.

“சீட்டுக்குக் கீழ.”

“என் பெடலு?”

குனிந்து பார்த்தேன். யாருமே மிதிக்காத பெடல் ஒரு விரக்கடை கீழே இறங்கியிருந்தது. இரண்டு பக்கத்து கிளட்சும் ஒரே கம்பியில் இணைந்தவை. அதை முதல் நாள் வகுப்பில் அவருக்குப் படம் போட்டு விளக்கியதே நான்தான். பார்வை என் பக்கத்து பெடலுக்கு வந்தது. அதன்மேல் தடித்த சோல் போட்ட என் புது ஷூ.

எடுத்தேன். கார் ஒரு குலுக்குக் குலுக்கி, பிடித்து, விறுவிறுவென்று ஏறியது.

“எல்லாரும் அப்படித்தான் தம்பி” என்றார், ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல். “வைக்கறது அவங்களுக்கே தெரியாது.”

4. திருத்தம்

நோட்டில் என் வரியை அடித்துவிட்டு, கீழே எழுதினேன்: ‘கால் வைத்தது மாஸ்டர். இவர் தயார்.’

பாய் கண்ணாடியை மாட்டிக்கொண்டு இரண்டு தடவை படித்தார். “காருக்கு மூணு பெடல்னு காலேஜ்ல சொல்லியிருப்பாங்க. நம்ம காருக்கு அஞ்சுடா, உன் பக்கம் ரெண்டு. ஒக்காரும்போது எண்ணிப் பாக்க மாட்டியா?”

புதிதாக மாஸ்டர் வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். சத்தம் கூடி வேகம் கூடாவிட்டால், ஏற்றத்தில் திணறினால், கருகல் வாடை வந்தால், அது கிளட்ச் ஸ்லிப். முதலில் உங்கள் காலை எடுத்துத் தரையில் வையுங்கள். வாயைப் பிறகு திறக்கலாம்.

வியாழக்கிழமை. டெஸ்ட் எடுக்க வந்த இன்ஸ்பெக்டர் என் சீட்டில் ஏறினார். நான் ஜன்னலோரம் நின்றிருந்தேன். செல்வி அக்கா பெல்ட்டைப் போட்டு, கண்ணாடியைச் சரிசெய்துவிட்டு, பணிவாகச் சொன்னார்:

“சார், உங்க பக்கமும் ஒரு கிளட்ச் இருக்குது. காலு மட்டும் கொஞ்சம் தள்ளி வச்சிக்குங்க.”

இன்ஸ்பெக்டர் குனிந்து பார்த்துவிட்டுச் சிரித்தார். “பரவாயில்லையே. யாரும்மா இதெல்லாம் சொல்லிக்குடுத்தது?”

அக்கா என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

“எங்க மாஸ்டர்தான் சார்.”