நீல வண்டியின் அடித்தட்டு

போன ஞாயிற்றுக்கிழமை பீச் ரோட்டில் நம் வண்டியை நிறுத்தியிருந்தபோது நீங்கள் இரண்டு பேரும் ஒரே கேள்வியைக் கேட்டீர்கள். "நீலக் கார் மாமா ஏம்ப்பா நம்மளப் பாத்து ஹாரன் அடிக்காம போறாவ?" நான் பானட்டைத் திறந்து, பார்க்கத் தேவையே இல்லாத ஆயிலைப் பார்த்தேன். பெரியவளுக்குக் கோபம் வந்துவிட்டது. வாயால் சொன்னால் பாதியில் சத்தம் போட்டுவிடுவேன். அதனால் எழுதுகிறேன். நான் பத்தாம் வகுப்போடு நின்றவன். எழுத்தில் பிழை இருந்தால் நீங்களே திருத்திக்கொள்ளுங்கள்.

நம் ஊரில் பழைய கார் வைத்திருப்பவனுக்கு முதல் எதிரி உப்புக் காற்று. கோயம்புத்தூரில் உள்ளவன் இன்ஜினைப் பற்றிக் கவலைப்படுவான். தூத்துக்குடிக்காரன் தகரத்தைப் பற்றிக் கவலைப்படுவான். நாங்கள் ஏழெட்டுப் பேர் ஞாயிறு காலையில் வண்டிகளை எடுத்துக்கொண்டு குலசேகரன்பட்டினம் வரைக்கும் கடலோரமாகப் போய்விட்டு வருவோம். திரும்பி வந்ததும் காபிகூடக் குடிக்காமல் வண்டியின் அடிப்பக்கத்தைக் கழுவுவோம். போர் தண்ணீரே உப்பு என்பதால், குடிக்கப் பிடித்து வைத்த நல்ல தண்ணீரில்தான் கழுவ வேண்டும். உங்கள் அம்மா இதற்காகத் திட்டாத வாரம் கிடையாது. "பிள்ளையளுக்குக் குடிக்கத் தண்ணி இல்ல, இவாளுக்குக் காரக் குளிப்பாட்டணும். அதுக்குப் பவுடரும் போட்டு விடுங்க" என்பாள்.

எங்களுக்குள் ஒரு பழக்கம் உண்டு. ஒருவன் வண்டிக்குப் பக்கத்தில் இன்னொருவன் வந்து நின்றால், வணக்கம் சொல்வதற்கு முன்னால் கதவுக்குக் கீழே விரல் முட்டியால் தட்டிப் பார்ப்பான். நல்ல தகரம் 'டங்' என்று சொல்லும். துருப்பிடித்து மேலே பட்டி பூசியிருந்தால் 'பொத்' என்று சொல்லும். பொத் என்று சொன்ன வண்டிக்காரனை அந்த வாரம் முழுக்கக் கேலி செய்வோம்.

நீலக் கார் மாமாவை நீங்கள் சின்ன வயதிலிருந்து பார்க்கிறீர்கள். அவன் கடற்கரைப் பக்கம் யார்டு வைத்து, மீன்பிடிக்கப் போகும் பைபர் வள்ளம் கட்டுகிறவன். கண்ணாடி நார் விரித்து, ரெசின் ஊற்றி, அடுக்கடுக்காக ஏற்றுவான். அவன் கட்டிய வள்ளங்கள் எத்தனையோ காற்றிலும் மழையிலும் போய் வந்திருக்கின்றன. நான் லாரிகளுக்கு ஸ்பிரிங் பட்டை போடுகிறவன். இரண்டு பேருக்கும் ஒரே வயது. ஏலே என்றுதான் கூப்பிட்டுக்கொள்வோம்.

அவனுடைய அம்பாசிடரை ஸ்ரீவைகுண்டத்துப் பக்கம் ஒரு வீட்டுக் கொல்லையிலிருந்து கட்டி இழுத்து வந்தோம். பின் சீட்டில் கோழிகள் முட்டையிட்டுக் கொண்டிருந்தன. தரைத் தகரத்தில் கால் வைத்தால் ரோடு தெரியும். டிங்கர் வேலைக்காரர் பார்த்துவிட்டு, தகரத்தை முழுவதும் வெட்டி எடுத்துப் புதிதாகப் போட வேண்டும் என்றார். மாமா சிரித்தான்.

"தகரத்தப் போட்டா மறுபடியும் துருப்பிடிக்கும்லா அண்ணாச்சி? கடலுலயே கெடக்க சாமானு என் கையில இருக்கு. இதுக்குத் துருவே கெடையாது."

வள்ளத்துக்கு விரிப்பதுபோலவே காரின் தரையில் நார் விரித்து ரெசின் ஏற்றினான். மேலேயும் ஏற்றினான், படுத்துக்கொண்டு கீழேயும் ஏற்றினான். காய்ந்த பிறகு மேலே ஏறிக் குதித்துக் காட்டினான். ஒரு அசைவு இல்லை. நாங்கள் எல்லோரும் கை தட்டினோம். அவன் செய்தது எங்கள் கடற்கரையில் யாருக்கும் தவறாகத் தோன்றவில்லை. வள்ளத்தை நம்பிப் பிழைக்கிற ஊரில் பைபரை யார் சந்தேகப்படுவார்கள்?

அவனுடைய ஒரே மகளை உங்களுக்குத் தெரியும். பெரியவளுக்கு சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுத்த அக்கா. அந்த நீல நிறத்தைத் தேர்ந்தெடுத்தது அவள்தான். கல்யாணம் நிச்சயமான அன்றே சொல்லிவிட்டாள்: "கோயிலுக்கு நம்ம கார்லதான் வருவேன். அப்பாதான் ஓட்டணும். வேற காரு கொண்டாந்தா ஏற மாட்டேன்." எங்கள் கூட்டத்திலும் அதுதான் வழக்கம். யார் வீட்டுக் கல்யாணமானாலும் அவரவர் வண்டியில்தான் மணப்பெண் கோயிலுக்குப் போக வேண்டும். மற்ற வண்டிகள் பின்னால் வரிசையாக ஹாரன் அடித்துக்கொண்டு போகும். மாமா அந்த ஒரு காலைக்காகத்தான் அந்த வண்டியைச் செய்தான். சீட்டுக்கு வெள்ளை உறை தைத்தான். அவள் சேலை சிக்கிக்கொள்ளக் கூடாது என்று கதவு ஓரத்துக்கு ரப்பர் வைத்தான்.

கல்யாணத்துக்கு முந்தின வாரம் என்னை யார்டுக்குக் கூப்பிட்டான். பின்பக்கம் கீச் கீச் என்று சத்தம் கேட்கிறதாம். "கல்யாணப் பொண்ணு போவும்போது எலி கத்துத மாதிரி கத்துது. என்னன்னு பாருல" என்றான். ஜீப் வைத்திருக்கும் அண்ணாச்சியும் அங்கே ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார்.

நான் அடியில் படுத்தேன். ஸ்பிரிங் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் ஸ்பிரிங்கின் முன் நுனியைத் தாங்கும் பிராக்கெட் ஒரு பக்கம் லேசாகச் சாய்ந்திருந்தது. அந்தப் பிராக்கெட் தரைக்கு அடியில் ஓடும் இரும்புச் சட்டத்தோடு சேர்ந்திருக்கும். சட்டம் உள்ளே கூடாக, நீளமான பெட்டி மாதிரி இருக்கும். பின் சக்கரத்தின் பாரம் முழுவதையும் அதுதான் வாங்கும். அதன் மேலும் பைபர் மூடி, மேலே கறுப்புப் பெயின்ட் அடித்திருந்தான். நான் ஸ்க்ரூடிரைவரால் ஓரத்தில் குத்தினேன். பைபர் அசையவில்லை. பைபர் முடிகிற இடத்தில் இருந்த விரிசலில் வைத்து அழுத்தினேன். பிடி வரைக்கும் உள்ளே போய்விட்டது. என் முகத்தில் ஈரத் துரு கொட்டியது. நாக்கில் பட்டது. உப்புக் கரித்தது.

பிள்ளைகளே, விஷயம் இதுதான். வள்ளத்தில் பைபருக்கு உள்ளே இரும்பு கிடையாது. அழுகுவதற்கு ஒன்றுமில்லை. காரில் இரும்புக்கு மேல் அதை ஒட்டினால், ஏற்கெனவே உள்ளே இருக்கும் உப்பு ஈரம் வெளியே போக வழியில்லாமல் மாட்டிக்கொள்ளும். மேலே கல் மாதிரி இருக்கும். அடியில் இரும்பு பிஸ்கட் மாதிரி ஆகிவிடும். தட்டினால் 'டங்'கும் சொல்லாது, 'பொத்'தும் சொல்லாது. பைபருக்கு அதன் சொந்தச் சத்தம். எங்கள் முட்டிக்கு அந்தப் பாஷை தெரியாது.

நான் எழுந்து வந்து சொன்னேன். அவன் என்னை நம்பவில்லை.

"ஏலே, ஏறிக் குதிச்சுக் காட்டுனேம்லா? நீயும்தான கை தட்டுன?"

"தரை நிக்கும்ல. சட்டம் நிக்காது. ஒரு குழியில விழுந்தா பிராக்கெட் பிச்சிக்கிட்டு வந்துரும். பின் சக்கரம் கோணிப் போவும்."

"குழியில எறக்க மாட்டேன். என் மவ இருக்கும்போது நான் குழியில எறக்குவனா?"

ஜீப் அண்ணாச்சி சண்டையைச் சிரிப்பாக்கப் பார்த்தார். "எதுக்குடே வழக்கு? நாலு மூட்டைய பின்னால ஏத்தி ஒரு ரவுண்டு போயிட்டு வாங்க. நம்ம ஊர்ல உப்பு மூட்டைக்கா பஞ்சம்?"

"காருக்குள்ள உப்பு மூட்டையா? உம்ம ஜீப்புல ஏத்தும்வே!" என்று நாங்கள் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கத்தினோம். ஒரு நொடி மூன்று பேரும் சிரித்துவிட்டோம். அதுதான் நானும் அவனும் கடைசியாகச் சேர்ந்து சிரித்தது.

சிரிப்பு அடங்கியதும் நான் மறுபடியும் சொன்னேன், அவளை இதில் ஏற்றாதே என்று. அவன் முகம் மாறியது. "என் வேலையக் குத்தம் சொல்லுதியா? கடலுல ஆள ஏத்தி அனுப்புதவன் நான்" என்றான். கண்டவன் பேச்சைக் கேட்டு என் மகள் ஆசையைக் கெடுக்கச் சொல்கிறாயா என்றான். பிறகு குரலைத் தாழ்த்தி, கடைக்காரரிடம் பேசுவதுபோலச் சொன்னான்: "சரிங்க அண்ணாச்சி. பாத்ததுக்கு ரொம்ப நன்றி. நீங்க கெளம்புங்க."

என் வயதுக்காரன் என்னை அண்ணாச்சி என்று சொன்னது அன்றுதான். ஸ்க்ரூடிரைவர் அந்த ஓட்டையிலேயே நிற்க, நான் வந்துவிட்டேன்.

வீட்டில் உங்கள் அம்மாவிடம் சொன்னேன். "சொல்ல வேண்டியதச் சொல்லியாச்சுல்லா, இனி அவுக பாடு" என்றாள். அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. ஆனால் அந்த வண்டியில் உட்காரப் போகிறவளுக்கு இது தெரியாது. அதுதான் என்னை உறங்கவிடவில்லை. மறுநாள், அவன் யார்டில் இருக்கும் நேரம் பார்த்து அவன் வீட்டுக்குப் போனேன். அது சரியா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. சிநேகிதனுக்குப் பின்னால் போய் அவன் மகளிடம் பேசுகிறவனைப் பற்றி நானே நல்லபடியாக நினைக்க மாட்டேன்.

அவள் கையில் மருதாணியோடு இருந்தாள். முழுவதும் கேட்டாள். அழவில்லை. ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"உங்க பிள்ளையள அதுல ஏத்துவியளா மாமா?"

"ஏத்த மாட்டேன்ம்மா."

"அப்பாட்ட நானே பேசுதேன். நீங்க வந்தத நான் மறைக்க மாட்டேன், பாத்துக்கிடுங்க" என்றாள்.

கல்யாணத்தன்று காலை நாம் எல்லோரும் போனோம். உங்களுக்கு ஞாபகம் இருக்கும், அக்கா ஏன் நடந்து வருகிறாள் என்று சின்னவன் கேட்டுக்கொண்டே இருந்தான். வேறு காரில் ஏறுவதில்லை என்ற சொல்லை அவள் காப்பாற்றினாள். நீலக் காரிலும் ஏறவில்லை. கோயில் பக்கத்துத் தெருதான், நடந்தே போவோம் என்றாளாம். மாமா அதற்கும் ஒரு வழி செய்தான். பூச்சரம் கட்டிய காரைத் தான் மட்டும் ஓட்டிக்கொண்டு முன்னால் போனான். பின் சீட்டில் வெள்ளை உறை மட்டும் இருந்தது. பின்னால் வெயிலில் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அவள் நடந்தாள். வரிசை வண்டிகளில் ஒருவர்கூட ஹாரன் அடிக்கவில்லை. பார்த்தவர்கள் ஏதோ நேர்ச்சை போல என்று நினைத்துக்கொண்டார்கள்.

கோயிலுக்கு முன்னால் உயரமான வேகத்தடை ஒன்று உண்டு. நான் பின் சக்கரத்தையே பார்த்துக்கொண்டு நடந்தேன். அந்த நேரம் என் மனதில் இருந்ததை உங்களிடம் மறைக்க விரும்பவில்லை. அது உடையக் கூடாது என்று வேண்டினேன். உடையாமல் போனால் அந்தப் பிள்ளையை வெயிலில் நடக்க வைத்தவன் நான்தானே என்றும் பயந்தேன். இரண்டையும் ஒரே மூச்சில் வேண்டினால் சாமி எதைக் கேட்கும்?

முன் சக்கரம் ஏறி இறங்கியது. பின் சக்கரம் ஏறி இறங்கியது. ஒன்றும் ஆகவில்லை. கீச் சத்தம்கூட வரவில்லை.

மாமா இறங்கி, கதவைச் சாத்திவிட்டு, நேராக என்னிடம் வந்தான். "பாத்தியளா அண்ணாச்சி?" என்றான். மகள் கையைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனான். பந்தியில் எனக்கு அவனே பரிமாறினான். விருந்தாளிக்குப் பரிமாறுவதுபோல, கேட்டுக் கேட்டு.

அதற்குப் பிறகு நடந்ததுதான் நீங்கள் பார்ப்பது. காலி வண்டிக்கும் நாலு பேர் ஏறிய வண்டிக்கும் வித்தியாசம் உண்டு என்று அவனுக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் காலி வண்டி தாங்கியதை ஊரே பார்த்தது. சட்டத்துக்குள் நான் பார்த்ததை வேறு யாரும் பார்க்கவில்லை. ஜீப் அண்ணாச்சிகூட ஒருநாள், "நீரு கொஞ்சம் கூடுதலாப் பயந்துட்டீரோ?" என்று கேட்டார். சில நாட்களில் எனக்கே அப்படித்தான் தோன்றும். நம் வண்டியின் தரை விரிப்பை எல்லாம் கிழித்துப் போட்டு ஒவ்வொரு மூலையையும் நான் குத்திப் பார்த்தது அதனால்தான். அம்மா உங்களிடம் "அப்பாவுக்குக் கிறுக்குப் புடிச்சிருக்கு" என்று சொன்னது அந்த வாரம்தான்.

இதுவரை எழுதி பீரோவில் வைத்திருந்தேன். நீங்கள் இன்னும் கொஞ்சம் பெரியவர்களானதும் கொடுக்கலாம் என்று நினைத்தேன். நேற்று சாயங்காலம் பெரியவள் டியூஷன் முடிந்து வரும்போது ஒரு பொட்டலம் கொண்டுவந்தாள். யார்டு வாசலில் மாமா நிறுத்திக் கொடுத்தானாம். செய்தித்தாளைப் பிரித்தால் உள்ளே என் ஸ்க்ரூடிரைவர். எண்ணெய் போட்டுத் துடைத்திருந்தான். அதோடு, கிரைண்டரால் அறுத்தெடுத்த பைபர் துண்டு ஒன்று. மேல்பக்கம் கறுப்புப் பெயின்ட், வழவழப்பு. திருப்பினால் இரும்பு முழுவதும் அதில் ஒட்டிக்கொண்டு வந்திருந்தது. சப்பாத்திபோல அடுக்கடுக்காக. விரலால் தொட்டேன், உதிர்ந்தது.

அதை வைத்துக்கொண்டு நான் உட்கார்ந்திருந்ததைப் பார்த்து, சந்தோஷம்தானேப்பா என்று பெரியவள் கேட்டாள். இல்லை. மாமாவின் மகள் இப்போது கணவனோடு வெளியூரில் இருக்கிறாள். இனி எவ்வளவு நல்ல தகரம் வைத்து வெல்டு பண்ணினாலும், அப்பா ஓட்ட அவள் பின் சீட்டில் உட்கார்ந்து போக வேண்டிய காலை ஒன்று இருந்ததே, அது போனது போனதுதான். அவன் மட்டும் தனியாக அந்த வண்டிக்கு அடியில் படுத்து, தன் கையால் ஒட்டியதைத் தன் கையாலேயே அறுத்திருக்கிறான். அந்த நேரம் பக்கத்தில் லைட் பிடிக்கக்கூட யாரும் இருந்திருக்க மாட்டார்கள்.

"மாமா என்ன சொல்லிக் குடுத்தாவ?" என்று கேட்டேன்.

"ஒண்ணும் சொல்லலப்பா. 'ஒங்கப்பன்ட்ட குடு'ன்னாவ. அவ்வளவுதான்."

அண்ணாச்சியிடம் கொடு என்று சொல்லவில்லையா என்று இரண்டு தடவை கேட்டேன். இல்லையாம்.

நாளைக் காலையில் பட்டறைக்குப் போவதற்கு முன் நான் யார்டுக்குப் போகிறேன். என்ன பேசுவது என்று தெரியவில்லை. ஸ்பிரிங்கை இறக்காமல் சட்டத்தை வெட்ட முடியாது. ஸ்பிரிங்கைத் தனி ஆளாக இறக்கவும் முடியாது. ஆக, பெரிய ஸ்பேனரை எடுத்துக்கொண்டு போகிறேன்.